தெருக்கோடிப் பூங்காவில் மாதம் ஒரு காலை

இயற்கை நடை என்றதும் பெரும்பாலோர் முதலில் வேனுக்குச் சொல்லிவிடுகிறார்கள். வேடந்தாங்கலா பழவேற்காடா, ஆளுக்கு எவ்வளவு, சாப்பாடு கட்டிக்கொண்டு போவதா என்று பேச்சு வளர்கிறது. அந்தப் பயணங்கள் நல்லவைதான். கூழைக்கடாக்களையும் நாரைகளையும் கூட்டங்கூட்டமாகப் பார்த்த குழந்தை அதை மறக்காது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கிற இடத்தில், இந்தப் பறவை போன மாதம் எங்கே இருந்தது, அடுத்த மாதம் எதைத் தின்னும் என்ற கேள்வி எழுவதில்லை. அது எழ வேண்டுமானால் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். அப்படிப் போகக்கூடிய இடம் உங்கள் தெருக்கோடியில் இருக்கும் மாநகராட்சிப் பூங்காதான்.

ஆகவே இந்த அத்தியாயம் சொல்வது ஒரு பூங்கா, ஒரே பாதை, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழுதாக ஒரு வருடம் என்ற திட்டத்தை. சென்னையை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மற்றக் கடலோர ஊர்களுக்கும் மாதக்கணக்கு ஏறத்தாழப் பொருந்தும். கிண்டி தேசியப் பூங்காவோ அடையாற்றுத் தொல்காப்பியப் பூங்காவோ அருகில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நாலு வேப்பமரம், ஒரு சறுக்குமரம், சிமென்ட் நடைபாதை, ஒழுகும் குழாய் என்று இருக்கும் அரை ஏக்கர் பூங்காவிலும் இங்கே சொல்வதை எல்லாம் செய்யலாம்.

முதலில் தனியாகப் போய்ப் பாருங்கள்

ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன் சில காலைகள் தனியாகப் போய் உட்காருங்கள். பூங்காவின் எல்லா மரங்களையும் தெரிந்துகொள்ள வேண்டாம். இப்போது பூத்திருக்கும் அல்லது காய்த்திருக்கும் மரம் எது? தண்ணீர் எங்கே தேங்குகிறது? துடைப்பம் போகாத மூலை எது? இந்த மூன்று இடங்களைக் கண்டுகொண்டால் நடையில் முக்கால்வாசி தயார். உயிர்கள் உணவையும் நீரையும் மறைவையும் தேடித்தான் வருகின்றன. அரச மரத்தில் பழம் பழுத்திருந்தால் மைனாவும் குயிலும் கொண்டைக்குருவியும் அங்கே இருக்கும். குழாயடியில் ஈரம் இருந்தால் குளவி மண் உருட்ட வரும். சருகு குவிந்த மூலையில் தவிட்டுக்குருவிக் கூட்டம் கிளறிக்கொண்டிருக்கும்.

அடுத்து, தோட்டக்காரரிடம் பேசுங்கள். தினமும் அதிகாலையில் அந்தப் பூங்காவைக் கூட்டுகிற அம்மாவிடமும் பேசுங்கள். கீரிப்பிள்ளை எந்தச் சுவரோரம் போகும், எந்தப் பொந்தில் ஆந்தை இருக்கிறது, போன மழையில் எந்த இடத்தில் சாரைப்பாம்பு வந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். “அண்ணே, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், நீங்களும் கூட வந்து ரெண்டு வார்த்தை சொல்லணும்” என்று முறையாக அழையுங்கள். நடையின்போது அவரை எல்லோருக்கும் அறிமுகப்படுத்திப் பேச விடுங்கள். பல ஆண்டுகளாக ஓரிடத்தைக் கவனித்து வந்தவரின் அறிவுக்குக் குழந்தைகள் முன்னால் மரியாதை கிடைப்பதே ஒரு பாடம்.

மாநகராட்சிப் பூங்காவுக்குத் திறக்கும் நேரம், மூடும் நேரம் என்று உண்டு. திறக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு, மண்டல அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்துவையுங்கள். நாள், நேரம், எத்தனை பேர், ஒலிபெருக்கி கிடையாது, கட்டணம் கிடையாது என்ற நாலு வரி போதும்.

அழைப்பை அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவோடு நிறுத்திவிடாதீர்கள். டீக்கடையில் ஒட்டுங்கள், ரேஷன் கடையில் சொல்லுங்கள். பக்கத்து அரசுப் பள்ளியில் தேசிய பசுமைப் படை இயங்குகிறதா, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் யார் என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் வருடம் முழுவதும் பிள்ளைகள் வருவார்கள். பூங்காவில் ஏற்கெனவே சுற்று நடக்கும் பெரியவர்களை விட்டுவிடாதீர்கள். வேகமாக எட்டுப் போட்டு நடப்பவர்கள் முதல் நாள் நம்மைக் கடந்து போவார்கள். அடுத்த மாதம் நின்று பார்ப்பார்கள்.

ஒரு வழிகாட்டிக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். அதிகமானால் பின்வரிசைக்கு எதுவும் தெரியாது, எல்லோரும் செல்போனுக்குத் திரும்பிவிடுவார்கள். முப்பது பேர் வந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து எதிரெதிர்த் திசையில் அனுப்புங்கள்.

நடை என்பது பெரும்பாலும் நிற்பது

காலை ஆறேகாலுக்குக் கூடுங்கள். எட்டு மணிக்கு முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் பறவையும் அடங்கும், குழந்தையும் சோரும். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முந்நூறு மீட்டர் நடந்தால் போதும். அதற்கு மேல் நடந்தீர்கள் என்றால் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள்.

தொடக்கத்தில் பேச்சு வேண்டாம். எல்லோரையும் ஒரு மரத்தடியில் நிறுத்தி, கண்ணை மூடி இரண்டு நிமிடம் கேட்கச் சொல்லுங்கள். புதிதாக ஒரு சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். ஆட்டோ ஹாரன், குக்கர் விசில், காகம் எல்லாமே கணக்கு. கண் திறந்ததும் கேட்டதைச் சொல்லச் சொல்லுங்கள். முதலில் காகம், அணில் என்பார்கள். பிறகு யாரோ ஒருவர், “யாரோ செம்புப் பாத்திரத்தைத் தட்டுற மாதிரி ‘டொக் டொக்’னு ஒண்ணு” என்பார். அதுதான் செம்மார்புக் குக்குறுவான். அந்தக் குரலைத் தேடிப் போவது உங்கள் முதல் வேட்டை. மொட்டைக் கிளையின் உச்சியில் பச்சை உடம்பும் சிவப்பு நெற்றியுமாக, குருவியைவிடச் சற்றுப் பெரிதாக உட்கார்ந்திருக்கும். அலகை மூடியபடியே அது கூவுவதையும் ஒவ்வொரு கூவலுக்கும் தொண்டை புடைப்பதையும் பைனாகுலரில் பார்க்கச் செய்யுங்கள். அதற்கு 8x40 அல்லது 8x42 அளவுள்ள பைனாகுலர் போதும். பெரிதாக வாங்கினால் பிள்ளைகள் கையில் ஆடும். நாலு பேருக்கு ஒன்று இருந்தால் சமாளிக்கலாம். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். விலை குறைவு, பயனோ பைனாகுலருக்குச் சளைத்ததல்ல.

பெயரை உடனே சொல்லிவிடாதீர்கள். பெயர் கிடைத்தவுடன் பார்ப்பது நின்றுவிடுகிறது. “என்ன செய்கிறது?” என்று முதலில் கேளுங்கள். வாலை ஆட்டுகிறதா, கிளையிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்துவிட்டு அதே கிளைக்குத் திரும்புகிறதா, தரையில் தத்துகிறதா நடக்கிறதா? ஐந்து நிமிடம் பார்த்துப் பேசிய பிறகு “இதுதான் கரிச்சான்” என்று சொன்னால், இரட்டைவாலை மட்டுமல்ல, அது ஒரு பருந்தை விரட்டியதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

பறவையோடு நின்றுவிடாதீர்கள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பறவை பறந்துவிடும், பூச்சி அங்கேயே இருக்கும். உயரம் குறைந்த பிள்ளைகளுக்கும், குனிந்து நடக்கும் பாட்டிகளுக்கும், சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் எட்டும் உயரத்தில் நடக்கும் கதை அது. பூங்காவின் வேலியோரம் ஓர் எருக்கஞ்செடி இருக்கிறதா என்று பாருங்கள். இலையைத் திருப்பினால் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளுடன் ஒரு புழு மேய்ந்துகொண்டிருக்கலாம். வெந்தய வரியன் என்ற ஆரஞ்சுநிறப் பட்டாம்பூச்சியின் புழு அது. எருக்கம்பாலில் உள்ள நஞ்சை அது உடம்பில் சேர்த்துவைக்கிறது. பட்டாம்பூச்சியான பிறகும் அந்த நஞ்சு காவல். ஒருமுறை கொத்திப் பார்த்துக் கசந்துபோன பறவை அந்த நிறத்தை மறுபடி தொடத் தயங்கும். அதனால்தான் அந்தப் பட்டாம்பூச்சி அவசரமே இல்லாமல் பறக்கிறது. முட்டையிலிருந்து சிறகு வரை ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும் என்பதால், செடிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவரை நாள்தோறும் பார்த்துவரச் சொல்லலாம். அடுத்த நடையில் அவர்தான் அந்தச் செடிக்கு வழிகாட்டி.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் தேடினால் பறவை எச்சம் போலவே தோன்றும் இளம்புழுக்கள் இருக்கும். சீண்டினால் தலைக்குப் பின்னிருந்து நிறமான கொம்பு ஒன்றை நீட்டி வாடையடிக்கும். மாமரத்திலோ புங்கமரத்திலோ இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு கண்ணில் பட்டால் அது முசுறு எறும்புகளின் வேலை. ஒன்றன் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகி இலை விளிம்புகளை இழுத்துப் பிடிக்கின்றன. வேறு சில, தங்கள் புழுக்களை வாயில் கவ்வி அங்குமிங்கும் நகர்த்தி, அவை சுரக்கும் பட்டு நூலால் தைக்கின்றன. தூர நின்று பாருங்கள். கடி சுரீர் என்றிருக்கும்.

நடுவில் பத்து நிமிடம் ‘ஆளுக்கொரு இடம்’ கொடுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே உட்கார்ந்து, பேசாமல், கண்ணில் பட்டதை எழுதவோ வரையவோ வேண்டும். பெரியவர்களுக்கு இதுதான் கடினம், ஆனால் முடிந்த பிறகு அதிகம் பேசுபவர்களும் அவர்களே.

பாம்பு, அரணை, ஆந்தை

எந்த நடையிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டே தீருவார். கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்குமாமே? அரணை கடித்தால் மரணமாமே? ஆந்தை அலறினால் சாவு விழுமாமே? இந்தக் கேள்விகளை வரவேற்றுக் காத்திருங்கள். கேட்பவர் பாட்டியாக இருந்தால், பேரன் முன்னால் அவரைத் திருத்துவது போல் ஒரு சொல்லும் வரக்கூடாது. “எங்க ஊரிலும் சொல்வாங்கம்மா, நீங்க கண்ணால பார்த்ததுண்டா?” என்று கேளுங்கள். அவர் பார்த்த பாம்பின் கதை வரும், அதில் நல்ல கவனிப்பு இருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதை அவரும் கேட்பார்.

சொல்ல வேண்டியது சுருக்கமானது. கொம்பேறிமூக்கன் நஞ்சில்லாத, மரத்தில் ஓடிப் பல்லியும் தவளையும் பிடிக்கும் பாம்பு. அரணைக்கு நஞ்சே கிடையாது. ஆந்தை எலி தின்னும். நம் பகுதியில் உயிருக்கு ஆபத்தான கடிகளில் பெரும்பகுதிக்குக் காரணமான நான்கு, நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இந்த நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே மாற்றுமருந்து இருக்கிறது. கடிபட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த வாக்கியத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும்வரை விடாதீர்கள். பூங்காவில் பாம்பைக் கண்டால் பின்வாங்கி நின்று போக வழிவிடுவதே போதும். ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லலாம்.

வருடத்தில் ஒருமுறை வேன் பிடிப்பது என்றால், இதற்காகப் பிடியுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-இல் தொடங்கியது. பாம்பைப் பிடித்து, நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள்; அந்த நஞ்சிலிருந்துதான் மாற்றுமருந்து தயாராகிறது. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாம்பைக் கண்டதும் தடியைத் தேடும் கைகளுக்கு, அதே பாம்பால் உயிர்களைக் காப்பாற்றும் கைகளைக் காட்டுவது எந்தச் சொற்பொழிவையும்விட ஆழமாகப் பதியும்.

மாதக்கணக்கு

தையில், கல்யாண முருங்கை இலையுதிர்த்துச் சிவப்பாகப் பூக்கத் தொடங்கும். அதன் தேனுக்கு வராத பறவை இல்லை. மைனா, காகம், கொண்டைக்குருவி, தேன்சிட்டு, அதிர்ஷ்டமிருந்தால் வலசை வந்த சோளக்குருவிக் கூட்டமும். அந்த மரத்தடியிலேயே முழு நடையையும் முடித்துவிடலாம். பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் தமிழ்நாடெங்கும் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்துப் பட்டியலை இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் நீங்களும் அதில் சேர்ந்துவிடுவீர்கள். பிப்ரவரியில் இதே முறையில் உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்று உண்டு.

பங்குனி, சித்திரையில் புங்கமும் வேம்பும் துளிர்த்துப் பூக்கும். குயில் கூவும். கூவுவது கறுத்த ஆண். புள்ளி போட்ட பழுப்பு நிறப் பெண்ணைப் பலர் வேறு பறவை என்றே நினைத்திருப்பார்கள். ஆனி, ஆடிக்குள் காகம் ஒன்று தன்னைப்போல் இல்லாத குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்தால், குயில் முட்டையிட்ட கதையை அங்கேயே நின்று சொல்லுங்கள். அப்போது ஆண் ஓணானின் தலையும் தோளும் சிவந்திருக்கும். சுவரில் தண்டால் எடுத்து எல்லையை அறிவிக்கும். நாவல் பழுக்கும் நாட்களில் ஒருமுறை மாலை நடை வையுங்கள். பழந்தின்னி வௌவால்கள் அந்தி மங்கியதும் வரும். தூங்குமூஞ்சி மரம் இலை மடிப்பதைப் பார்க்கவும் அதுவே நேரம்.

செப்டம்பர் பட்டாம்பூச்சிகளுக்கான மாதம். இந்தியா முழுவதும் அந்த மாதத்தில் பட்டாம்பூச்சிகளைப் பதிவு செய்கிறார்கள். நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக 2019-இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மலைப்பகுதிக்குரியது, தெருப்பூங்காவில் கிடைக்காது. அதைப் படத்தில் காட்டிவிட்டு, எதிரே பறப்பதைப் பாருங்கள்.

ஐப்பசிதான் எனக்கு எல்லாவற்றிலும் அரிய மாதம். தட்டான்கள் தாழப் பறக்கும். வாலாட்டிக்குருவியும் பழுப்புக் கீச்சானும் வந்து சேரும். இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் குளிர்காலத்தைக் கழிக்க வரும் ஆறுமணிக்குருவி, இரவெல்லாம் பறந்து களைத்து, சென்னையின் தோட்டங்களில் இறங்குவது இந்த நாட்களில்தான். பச்சை முதுகு, நீலத் தீற்று, சிவந்த அடிவயிறு, குட்டை வால். சருகைக் கிளறிப் புழுபூச்சி தேடும். சில சமயம் கண்ணாடிச் சன்னலில் மோதி மாடிப்படியில் கிடக்கும். அப்படிக் கிடந்தால், காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்ததும் மரமுள்ள இடத்தில் திறந்துவிடுங்கள். காயம் தெரிந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

இதேபோல், இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் அது அனாதை அல்ல. நாய் பூனை எட்டாத கிளையில் தூக்கிவைத்துவிட்டு விலகி நில்லுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய் வளர்ப்பதுதான் அதற்குச் செய்யும் தீங்கு. கிளி, மைனா போன்றவற்றைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. பறவையின் குரலைப் போனில் போட்டு வரவழைக்க வேண்டாம். கூட்டருகே போய்ப் படமெடுக்க வேண்டாம். பெருந்தேனீக் கூடு தொங்கும் மரத்தடியில் கூட்டமாக நிற்க வேண்டாம். முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பியிருந்தால் சாயாதீர்கள். முடி குத்திவிட்டால் தேய்க்காமல், செல்லோடேப்பை ஒட்டி எடுத்துவிடலாம்.

குறிப்பேடும் மாநகராட்சியும்

ஒரு நோட்டு போதும். தேதி, நேரம், வானிலை, வந்தவர்கள், எந்த மரம் பூத்தது, எது காய்த்தது, எந்தப் பறவை எத்தனை, அது என்ன செய்தது. எழுதுவதை மாதம் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள்; எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும்.

வருடம் முடிகையில் அந்த நோட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது. நம் பூங்காக்களில் உயிர்களுக்குப் பெரிய இழப்பு, அளவுக்கு மீறிய சுத்தத்தால் வருகிறது. சருகைத் தினமும் கூட்டி அள்ளுகிறார்கள், சில இடங்களில் எரிக்கிறார்கள். ஆறுமணிக்குருவிக்கும் தவிட்டுக்குருவிக்கும் அரணைக்கும் சாப்பாட்டுத் தட்டே அந்தச் சருகுதான். பட்ட கிளையை அசிங்கம் என்று வெட்டுகிறார்கள். குக்குறுவான் பொந்து குடைவது அதில்தான். எருக்கைக் களை என்று பிடுங்குகிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. வேறு மாதிரி வேண்டும் என்று கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். இப்போது நீங்கள் இருக்கிறீர்கள்.

கேட்பதை அளவோடு கேளுங்கள். பூங்காவில் ஒரு மூலையைக் கூட்டாமல் விட வேண்டும். நடைபாதைக்கு மேல் இல்லாத, விழுந்தாலும் யாருக்கும் அடிபடாத பட்ட கிளைகளை வைத்திருக்க வேண்டும். மழைக்கு முன் நடக்கும் கிளை வெட்டும் வேலையில், வெட்டும் முன் கூடு இருக்கிறதா என்று தோட்டக்காரர் பார்த்துச் சொல்ல அவகாசம் வேண்டும். புல்தரையின் ஓரத்தில் எருக்கு, ஆவாரை, கறிவேப்பிலை, எலுமிச்சை வைக்க ஒரு வரிசை வேண்டும். கன்றுகளை நீங்களே தருவதாகச் சொல்லுங்கள். கொசுவைக் காரணம் காட்டிச் சருகை மறுப்பார்கள். கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில் என்பதையும், ஒழுகும் குழாயையும் கிடக்கும் டப்பாக்களையும் மாதாமாதம் நீங்களே பார்த்துச் சொல்வதாகவும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

கடிதத்தோடு வருடப் பட்டியலின் நகலை இணையுங்கள். எந்த மூலை, எந்தக் கிளை என்று பிள்ளைகள் வரைந்த வரைபடம் ஒன்றும் இருக்கட்டும். வார்டு உறுப்பினருக்கும் பூங்காத் துறைப் பொறியாளருக்கும் தனித்தனி நகல் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த ஞாயிறு நடைக்கு இருவரையும் அழையுங்கள். வந்தால் உரையாற்றச் சொல்லாதீர்கள். பைனாகுலரைக் கையில் கொடுத்து, அந்தப் பட்ட கிளைக்குக் கீழே நிறுத்துங்கள். விளக்கத்தை நோட்டு எழுதிய பிள்ளை சொல்லட்டும்.